மேஜரின் வண்டியும் அக்காவின் முன்னறையும்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் மேஜர் என்றுதான் சொல்வார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தோல் ஜாக்கெட், முழங்கை வரை ஏறும் கையுறை, பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடி, முறுக்கிவிட்ட மீசை இவற்றையெல்லாம் பார்த்து எவனோ கிண்டலாக வைத்த பெயர். கிண்டல் என்றுகூடப் புரியாமல் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார் அத்தான். அவருடைய புத்தி அவ்வளவுதான்.

உத்தியோகம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வண்டி நொறுங்கி நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் மனுவைப் படித்து, 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதித் திருப்பி அனுப்புகிற மேசை அவருடையது. அந்த இரண்டு சொற்களை எழுதும்போது அவர் முகத்தில் வருகிற களையை நானே நேரில் பார்த்திருக்கிறேன். பாயசம் குடித்தவன்கூட அப்படி உதட்டைத் துடைத்துக்கொள்ள மாட்டான்.

வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கிவந்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து, திருகு திருகாகக் கழற்றித் துருவை எடுத்து, காணாமல் போன பாகங்களை எங்கெங்கோ அலைந்து தேடிப் பொருத்தினார். அழகான வண்டிதான். அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கறுப்புப் பெட்ரோல் தொட்டியில் கையால் இழுத்த தங்கக் கோடு. உதைத்துக் கிளப்பினால், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து ஓடும். யோசிக்கிற வேலையை இரண்டு பேரில் அதுதான் செய்தது.

அது நின்ற இடம் முன்னறை. கொட்டகை பின்னால் சும்மா கிடந்தது. ஆனால் கொட்டகையில் நிறுத்தினால் தெருவில் போகிறவன் பார்க்க முடியாதே! வாசலில் மூன்று படி. அதன்மேல் கனமான தேக்குப் பலகை ஒன்றைச் சாய்த்து, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் வண்டி தானாக ஏறும்படி பக்கத்தில் நடந்து வருவார். மாப்பிள்ளை அழைப்புக் கெட்டது போங்கள்.

அக்கா தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் பாத்திர அலமாரியில் முழங்கையை இடித்துக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தால் வெங்காயம் வதக்கிய வாசனையோடு போகும். முன்னறையில் வண்டி துருப்பிடிக்காமல் இருக்க மின்விசிறி ஓடும். சமையலறையில் மின்விசிறி கிடையாது.

பழைய வண்டி ஆயில் சொட்டும். அதற்குக் கீழே ஒரு வெள்ளை எனாமல் தட்டு. தினமும் அதைக் காலி செய்து துடைத்து வைப்பது அக்காவின் வேலை. இந்தச் சொட்டலைப் பற்றி அத்தானிடம் தயாராக ஒரு வசனம் உண்டு. கல்யாண வீடோ துக்க வீடோ, நாலு பேர் கிடைத்தால் எடுத்துவிடுவார்.

"சொட்டுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம் மாப்ள. சொட்டறது நின்னாத்தான் பயப்படணும்!"

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நமக்கும் வேறு வழி இல்லை.

முன்னறையைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கும் ஒரு வசனம் வைத்திருந்தார். பழைய வண்டிச் சங்கத்து ஊர்வலத்தில் ஒரு கோப்பை வாங்கட்டும், மறுநாளே வண்டி கொட்டகைக்குப் போய்விடும். ஒரு வருஷம் விளக்குக் கண்ணாடி அந்தக் காலத்தது இல்லை என்று கோப்பை போனது. இன்னொரு வருஷம் உட்காருகிற சீட்டு சரியில்லை என்று. குருடன் என்றைக்காவது விழிப்பான் என்கிற கதையாக அக்காவும் காத்திருந்தாள்.

இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடம் தன் சீருடை முழுவதையும் அக்காவிடம் தரத் தயாராக இருந்தது. அவள் தைத்ததைப் பார்த்துத் தலைமையாசிரியைக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. "நூத்துக்கணக்குல பிள்ளைங்க துணிம்மா. அடுப்பு பக்கத்துல வச்சுத் தைக்கறேன்னா நான் எப்படித் தரது? திங்கக்கிழமை வந்து இடத்தைப் பார்க்கறேன்." ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை.

"கோப்பை வந்தாலும் வராட்டாலும் எனக்கு ரூம் வேணுங்க" என்றாள் அக்கா.

"கோப்பையோட வரேன். கண்டிப்பா காலி பண்றேன். நீயும் பின்னாடி உக்காரு, அந்தக் காலத்து ஜோடி மாதிரி போனா மார்க்கு ஜாஸ்தி."

அவளும் சம்மதித்தாள்.

ஊர்வலத்துக்கு முன்னால் சொட்டலை நிறுத்தியே தீருவதென்று அத்தான் இறங்கினார். ஆயிலையெல்லாம் வடித்தார், இன்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றினார், கசிவை அடைக்கப் புதுப் பேக்கிங் வெட்டி வைத்துப் பசை தடவி முடுக்கினார். பிறகு மெருகேற்ற உட்கார்ந்தார். மெருகேற்ற உட்கார்ந்தால் அவருக்கு உலகமே மறந்துபோகும். கிளப்பினால் புகைக்குழாய் நிறம் மாறிவிடும் என்று வண்டியை உதைக்கவும் இல்லை.

தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த வெள்ளைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். எனக்கே மூன்று தடவை காட்டினார். "பாத்தியா மாப்ள? தொழில்னா இது!" சங்கத்தில் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். பழைய சாயலில் இப்போது செய்கிற புது வண்டி வைத்திருப்பவர். பொத்தானை அழுத்தினால் கிளம்பும். அவரை அத்தான் முகத்துக்கு நேரே பொம்மை வண்டிக்காரர் என்பார். அவர் வாசலுக்கும் தட்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை மேஜர் முழு அலங்காரத்தில் முன்னால், அக்கா கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பின்னால். துடைக்கிற துணிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நான் என் ஸ்கூட்டரில். கடைத்தெரு தாண்டும்வரை எல்லாம் கம்பீரம். பாலத்தின் ஏற்றத்தில் வண்டியின் குரல் மாறியது. கரகரவென்று ஒரு சத்தம், பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது, வண்டி ரோட்டில் கோடு கிழித்து நின்றது. நல்லவேளை, இரண்டு பேரும் விழவில்லை. இன்ஜின் இறுகிவிட்டது.

"பெட்ரோல்ல கலப்படம்!" என்றார் அத்தான்.

பின்னால் வந்த பல் டாக்டர் இறங்கி, ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். துடைத்து வைத்த சொம்பு மாதிரி இருந்தது உள்ளே. வடித்த மனுஷன் திரும்ப ஊற்றவே இல்லை! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்குப் பாவம் மீசை கிடையாது.

அக்கா சத்தம் போடவில்லை. "சொட்டறது நின்னாத்தான் பயப்படணும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"டாக்டர், என்னை வீட்ல விட்டுடறீங்களா?" என்றாள். பொத்தானை அழுத்தினார் டாக்டர். பொம்மை வண்டி கிளம்பிப் போனது.

சின்ன லாரி ஒன்றைப் பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு நாங்கள் வீடு சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. வழி முழுக்க அத்தான் பேசிக்கொண்டே வந்தார். முன்னறையில் வைத்தே இன்ஜினைப் பிரிக்க வேண்டுமாம், பாகங்களைத் தரையில் வரிசையாகப் பரப்ப வேண்டுமாம், ஒரு வருஷமாவது ஆகுமாம். திங்கட்கிழமை என்ற ஒரு கிழமை அவர் நினைப்பிலேயே இல்லை. என் அக்கா இந்த ஆளுக்கு வாழ்க்கைப்பட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வாசலில் இறங்கியவர் நின்றார். படியோரம் சாய்த்து வைத்திருக்கும் பலகையைக் காணவில்லை.

"பலகை எங்க?"

முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே தையல் மெஷின். அறை நடுவில் இரண்டு முக்காலிகள்மேல் பலகை நீளமாகக் கிடந்தது, அதன்மேல் நீலத்துணி விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பலகைமேல துணி கிடக்கு. எடுக்க முடியாது" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நாலு பேர் பிடிச்சாத் தூக்கி ஏத்திடலாம். மாப்ள, இந்தப் பக்கம் பிடி."

எனக்கு இடுப்பு வலி என்றேன். அந்த நிமிஷம்தான் வந்தது. லாரிக்காரர் தனக்கு வேறு சவாரி இருக்கிறது என்றார். வண்டியைப் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில் நிறுத்தினோம். அதற்கு மட்டும் என் இடுப்பு ஒத்துழைத்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை வந்தார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார், பலகையைத் தடவிப் பார்த்து, வெட்டுவதற்கு இவ்வளவு நீள மேசை எங்கே கிடைத்தது என்று கேட்டார். வீட்டில் இருந்ததுதான் என்றாள் அக்கா. துணிக்கட்டுகள் அன்றைக்கே வந்து இறங்கின.

அத்தான் கொட்டகையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். உள்ளே கால் வைக்க இடமில்லை.

"அந்தத் தட்டைக் கொஞ்சம் குடேன். வண்டிக்குக் கீழ வைக்கணும்."

எனாமல் தட்டு அக்காவின் மெஷின் பக்கத்தில் இருந்தது. அதில் நூல் சுற்றிய பாபின்களும் பொத்தான்களும் நிறைந்திருந்தன.

"முதல்ல ஆயில் ஊத்துங்க. சொட்டினதும் வந்து கேளுங்க" என்றாள் அக்கா, மெஷினை மிதித்துக்கொண்டே.