நிற்காத கார் கதவு

அம்மாவின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல் இருந்தது. காரின் முன்கதவு அடித்து அடித்து வந்தது. பக்கவாதம் வந்த அப்பாவைச் சக்கர நாற்காலியிலிருந்து முன்சீட்டுக்கு மாற்ற அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். கதவைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்டாப்பர் தேய்ந்துவிட்டதால், அவள் குனிந்து தூக்கும் நேரம் பார்த்துக் கதவு தானாக வந்து மோதும். நான் இருந்தால் பிடித்துக்கொள்வேன். வேலை தேடி அலைந்த நாட்களில் நான் பெரும்பாலும் இருந்ததில்லை.

ஒருநாள் அம்மா மருந்து தடவும்போது அப்பா கன்றலைப் பார்த்துவிட்டார். இனிமேல் பிசியோதெரபி பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆறு மாதத்துக்குள் கையை அசைக்கப் பழக்காவிட்டால் பிறகு கஷ்டம் என்று பயிற்சி கொடுப்பவர் போனில் எச்சரித்தார். ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அம்மா தையல் ஆலையில் பதினெட்டு வருடமாகத் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். அங்கே அவளுக்குப் பெயரே 'ஓவர்லாக்'தான். கையும் வாயும் ஒரே வேகம் என்பார்கள். கார், அப்பா வாடகைக்கு ஓட்டியது. அவர் படுத்த பிறகு, நாற்பத்தாறு வயதில், அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது கியரைத் தாண்டமாட்டாள். பின்னால் ஹாரன் அடிப்பவனைக் கண்ணாடியில் பார்த்து, "அவசரம்னா பறந்து போயேன்" என்பாள்.

பழைய மாடல் என்பதால் புது ஸ்டாப்பர் வர ஒரு மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். பழைய சாமான் கடையில் பார்த்த ஸ்டாப்பரும் எங்களுடையதைப் போலவே தேய்ந்திருந்தது.

"நம்மளே கழட்டிப் பாத்துடுவோம். நீதான் மெக்கானிக்கல் படிச்சிருக்கியே" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. ஒரு கார் கதவைக்கூடக் கழற்றியதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கதவின் உட்பக்க அட்டையைப் பெயர்த்து, மூன்று போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்டாப்பரை வெளியே எடுத்தோம். மேடு பள்ளமான ஓர் இரும்புப் பட்டை. அதை இருபக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிளாஸ்டிக் ரோலர்கள். ரோலர்கள் நடுவில் தேய்ந்து ஒட்டிப்போயிருந்தன. ஆலை மெக்கானிக்கிடம் அம்மா விரல் தடிமனில் ஒரு துண்டு நைலான் கம்பி வாங்கி வந்திருந்தாள். கல்லூரியில் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் நான் ரோலரின் நடுப்பகுதியை அளந்து சொன்னேன். அம்மா அறுத்து, அரம் தேய்த்துக் கொடுத்தாள். கிரீஸ் பூசி மாட்டினோம். கதவு ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு பழையபடி வந்து மூடிக்கொண்டது.

மறுபடி கழற்றினோம். அம்மா பழைய ரோலரை விரலில் உருட்டினாள். பட்டை உரசாத ஓரம் மட்டும் தடிமனாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு நூலை இழுத்து நறுக்கினாள்.

"தேஞ்ச எடத்தப் போயா அளப்பாங்க? பழைய சட்டைல நாங்க அளவு எடுக்கறதே தேயாத மடிப்புக்குள்ளதான்டி."

தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை நான் துல்லியமாக அளந்திருந்தேன், ஆனால் தேய்மானத்தை. நான்கு வருடத்தில் நான் கற்றது அளக்கவா, எதை அளப்பது என்று பார்க்கவா?

நூலின் அளவுக்குச் செய்த ரோலர்கள் பட்டையைக் கடித்துக்கொண்டன. கதவு முழுதாகத் திறந்து 'டக்' என்று நின்றது. அம்மா இடுப்பால் இடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

அப்பாவை வாசலுக்குத் தள்ளி வந்து காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்.

"ஏங்க, கதவுதான் சரியாயிடுச்சே."

அப்பாவின் வாய் இன்னும் கோணித்தான் பேசும். மெதுவாகச் சொன்னார்: "எதிர்மூலைக் கடைல அத்தனை பேரும் பாக்குறாங்க. நீ என்னை மூட்டை மாதிரி தூக்குறத."

மூன்று வாரமாகக் கன்றல்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். அம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். தெருமுனை வரை ஓட்டிப் போய், காரைத் திருப்பி, முன்சீட்டுக் கதவு வாசல் பக்கம் வர, கடையைப் பார்த்து நிறுத்தினாள். முன்கதவைத் திறந்தாள். அது நின்றது. இப்போது கடைக்கும் எங்களுக்கும் நடுவே அந்தக் கதவு இருந்தது. கதவுக் கண்ணாடியை மறைத்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

"இப்ப வாங்க" என்றாள்.

அப்பா கடைப்பக்கம் பார்த்தார். போர்வைதான் தெரிந்தது. நல்ல கையால் நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தினார். பழக்கத்தில் கதவைப் பிடிக்கப் போன என்னை அம்மா தள்ளிப் போகச் சொன்னாள். அவள் குனிந்து தூக்கியபோது அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார்.