எங்க பக்கமாத்தான் இருக்கும்

இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்ததற்கே மன்னிக்க வேண்டும். சண்முகத்தாய் அக்காவுடன் பல வருடம் வேலை பார்த்தவர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். நானோ ஏழு மாதம், அதுவும் பெரும்பாலும் தொலைபேசியில் பழகியவள்.

செவ்வாய்க்கிழமை காலை வள்ளியூர் இணைப்பில் மணி அடித்தது. எதிர்முனையில் இருப்பவர் பேசும்வரை நான் வாய் திறப்பதில்லை. அன்று என்னவோ, "சொல்லுங்கக்கா" என்று நானே தொடங்கிவிட்டேன். பேசியவர் அங்குள்ள காவலாளி அண்ணாச்சி. "அக்கா இல்லம்மா. விடியக்கால நெஞ்சுவலின்னாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

இந்த 1999 தொடக்கத்தில்தான் நம் பாளையங்கோட்டை, வள்ளியூர் கட்டடங்களுக்கிடையே கணினி வழியாகத் தொலைபேசி பேசும் சோதனை ஆரம்பமானது. அழைப்புக்கு வழிகாட்ட முனைக்கொரு கணினி, ப்ராக்சி என்போம். வள்ளியூரில் அக்கா, பாளையங்கோட்டையில் நான். சோதனை அழைப்பில் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அக்கா, "ஏட்டி, சீவலப்பேரி பஸ்சுல இன்னைக்காவது உக்காந்து வந்தியா?" என்பார். நான் "ம்" என்பேன். "அந்த மெஷினே உன்னவிட நல்லாப் பேசுது" என்று சிரிப்பார்.

அழைப்பு அறுந்தால் எல்லோரும் முதலில் சொல்வது, "எங்க பக்கம் சரியா இருக்கு" என்பதுதான். அக்கா மட்டும், "எங்க பக்கமாத்தான் இருக்கும், பாக்கேன்" என்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேரும் சரின்னுட்டா, தேடுதது யாருட்டி?"

வள்ளியூரிலிருந்து வரும் அழைப்பைத் தாளாளர் தம் அறையில் எடுப்பதாக இருந்த நாளில் மணி அடிக்கவே இல்லை. துறைத் தலைவர் சாதாரணத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டார். "எங்க பக்கமாத்தான் இருக்கும் சார், பாக்கேன்." அது போதுமாக இருந்தது. 'வள்ளியூர் முனைக் கோளாறு. சண்முகத்தாயின் கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்.

எல்லோரும் கலைந்தபின் கணினிப் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். ஒரே அழைப்பு திரும்பத் திரும்ப வந்திருந்தது. தாளாளர் அறை எண்ணை எங்கள் கணினியில் நான் சேர்க்கவே இல்லை. தெரியாத எண் என்று அது வள்ளியூருக்குத் தள்ளியது. பாளையங்கோட்டை எண்தானே என்று வள்ளியூர் இங்கேயே திருப்பியது. அப்படியே சுற்றி அழைப்பு அறுந்துபோயிருக்கிறது.

எண்ணைச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னுடையது தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் சம்பளத்தை நம்பி அம்மா நடவுக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் அக்கா கேட்டார்: "அங்கன ஏதும் மாத்துனியாட்டி?"

நான் சோதனைத் தாளில் அன்றைய தேதியை எழுதினேன்.

"சரி விடு. மணி அடிக்குல்லா" என்றவர், பஸ்சில் இடம் கிடைத்ததா என்று கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பதிவேட்டில் தம் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதை இதுவரை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அன்று கோளாறு எங்கள் பக்கம்தான் இருந்தது.

துறைத் தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டின் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே என் பெயரை என் கையாலேயே எழுத அனுமதி தாருங்கள்.