ஒரு வரிசைக்கு மட்டும் உரமில்லை

சேவுகம்பட்டி ராமுத்தாயைப் பற்றிப் பேரூராட்சிக் கணக்கெடுப்பில் இருப்பது இது: இல்லத்தரசி, தொழில் ஏதுமில்லை, வெளிநாட்டில் பணிபுரியும் கணவரைச் சார்ந்து வாழ்பவர். அதிகாரி இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. தன் அரை ஏக்கர் மல்லிகையில் மொட்டுப் பறித்து, நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேனுக்குப் பூமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

சார்ந்து வாழ்வதென்றால் கணவன் சாயும் தூரத்திலாவது இருக்க வேண்டும். மணிமாறன் இருந்தது வளைகுடாப் பாலைவனத்தில், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஓர் ஆலையில். ஊர் வெயில் தாங்காமல் போனவனுக்கு அங்கே வெயிலைச் சேர்த்து வைக்கும் வேலை. கண்ணாடிகள் பகலெல்லாம் பிடித்துத் தரும் சூட்டை உருகிய உப்பில் ஏற்றிப் பெரிய தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டில் நீராவி எழுப்பி மின்சாரம் எடுப்பார்கள். உப்பு ஓடும் குழாய்கள் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வது மணிமாறனின் பொறுப்பு.

"இருநூத்தி நாப்பது டிகிரிக்குக் கீழ போச்சுன்னா அதுக்குக் குளிரெடுத்துரும் புள்ள. கல்லா உறைஞ்சு குழாய அடைச்சிரும்," என்று போனில் விளக்கினான்.

"கட்டுனவள இங்க விட்டுட்டு, உப்புக்குக் குளிரெடுக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கீக."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பொங்கலாக, வாரேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். கேட்டால், "எனக்கு மட்டும் ஆசையில்லையா? இந்த உப்பு என்னைய விட மாட்டேங்குதே" என்பான்.

அவனைப் பிடித்து வைத்திருப்பது உப்பு என்றால் தானும் உப்பை விட்டுப் பார்ப்போம் என்று ராமுத்தாய் முடிவு செய்தாள். அவன் வந்து சேரும்வரை சனிக்கிழமைகளில் உப்பில்லாச் சோறு என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். புருசன் மலை மலையாக உப்பைக் காய்ச்ச, பெண்டாட்டி ஒரு கல் உப்புக்கு ஏங்கிச் சோற்றை விழுங்கினாள்.

மாசியில் ஒருநாள் வீடியோவில் அவன் ஆலைக்கு வந்திறங்கிய மூட்டைகளைக் காட்டினான். "இது சாப்புடுற உப்பு இல்ல ராமு. ரெண்டு சரக்கக் கலந்து உருக்குவாக. அதுல ஒண்ணு நம்ம மல்லிகைக்கு உரமா விடுற பொட்டாசியம் நைட்ரேட்டு."

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மாளிடம் இதைச் சொன்னாள்.

"ஏன்டி, அப்ப இம்புட்டு நாளும் தப்பான உப்பையில்ல விட்டுருக்க! பெருமாளே கொழம்பிப் போயிருப்பாரு."

"வெளையாடாதீக மதினி."

"நான் எங்கடி வெளையாடுறேன்? உரத்த நிப்பாட்டு. ஆளு வந்துருவாரு."

"உரத்த நிப்பாட்டுனா பூ இருக்காது. பூ இல்லாட்டி, வந்த மனுசன் மறுபடி அங்கதான் ஓடணும்."

"அப்ப உரத்த விடு."

"விட்டா வேண்டுதல் என்னாகுறது?"

காளியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு தன் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

மொட்டுக் கட்டும் நேரம், தள்ளிப்போட முடியாது. ராமுத்தாய் மூட்டையைப் பிரித்து உரத்தைத் தொட்டியில் கரைத்தாள். பிறகு கிணற்றோரம் போய், கடைசி வரிசைக்குப் போகும் சொட்டுக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

பங்குனியில் தோட்டம் வெள்ளையாகப் பூத்தது. கிணற்றோர வரிசையில் ஊசிமொட்டாக ஒரு கைப்பிடிதான் வந்தது. அதைத் தனியாகப் பறித்துத் தொடுத்தாள்.

அன்று மாலை மணிமாறன் திரையை உற்றுப் பார்த்தான். "தலையில பூவா? வேனுக்குப் போற பூவுல ஒத்த மொட்டு எடுக்க மாட்டியே!"

"இது வேனுக்குப் போற பூ இல்ல."

"பின்ன?"

அவள் சனிக்கிழமைச் சோற்றிலிருந்து கிணற்றோர வரிசைவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடுத்த தைக்கு வாரேன் ராமு," என்றான்.

"போன தைக்கும் இதத்தான் சொன்னீக."

அடுத்த தையிலும் அவன் வரவில்லை. ராமுத்தாய் மாசியில் தோட்டத்துக்கு உரம் விட்டாள், கிணற்றோர வரிசைக்கு விடவில்லை. அதில் பூத்ததை விற்காமல் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.