பத்துக்கு மூணு

தலைக்கு மேல் சத்தம் கேட்டால் போதும், என் அக்கா புருஷன் கத்தரியை நிறுத்திவிடுவார். நாற்காலியில் ஒருவன் ஒரு பக்கக் கிருதாவோடு உட்கார்ந்திருப்பான். இவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் சலூன் விமான நிலைய வேலிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே இரண்டாவது நாற்காலி என்னுடையது. மாமா பாதியில் விட்டுப்போனவர்களுக்குச் சமாதானம் சொல்வதும் என் வேலைதான்.

வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு மனுஷன் வேலியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, இறங்கும் விமானங்களைக் கைப்பேசியில் படம் பிடிப்பார். பிடித்தோமா, வந்தோமா என்று இருக்கலாம் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு இணையத்தில் ஊருக்கே காட்டுவார். பூப்போல இறங்கினால் ஒன்பது. தொப்பென்று இறங்கினால் மூன்று. அதைப் பார்க்கவும் ஒரு கூட்டம். "ஓட்டுறவன் பாட்டுக்கு ஓட்டுறான், உங்களுக்கு எதுக்கு இந்த வாத்தியார் வேலை?" என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் புதிதாக ஒருவர் வந்து மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. விமானி. மாமாவுக்கு வாயெல்லாம் பல். துணியைப் போர்த்திவிட்டு, முடியில் கை வைத்ததும் ஆரம்பித்தார்: "சார் எந்த வண்டி ஓட்டுறீங்க?"

"அது இருக்கட்டும்," என்றார் விமானி. "இங்க வேலியோரமா ஒருத்தன் உக்காந்து மார்க் போடுறானாமே, தெரியுமா? எங்க ஆளுங்க எல்லாருக்கும் அவன் மேல கடுப்பு."

மாமா கத்தரியை நிறுத்திவிட்டார்.

"மழையில ரன்வே நனைஞ்சு கிடக்கும்போது பூ மாதிரி இறக்கக் கூடாதுங்க. தண்ணி மேல வழுக்கிட்டுப் போயிடும். சக்கரம் தரையைப் பிடிக்கணும்னா கொஞ்சம் அழுத்தித்தான் இறக்கணும். போன வாரம் மழையில நான் வேணும்னேதான் அப்படி இறக்கினேன். அவன் மூணு போட்டுட்டான்."

"போனாப் போகுது சார்," என்றேன் நான்.

"எப்படிங்க போகும்? எங்கம்மா இதுவரைக்கும் விமானம் ஏறினதில்லை. ஏறினா நான் ஓட்டுற வண்டியிலதான்னு இத்தனை வருஷமா இருந்தாங்க. டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. யாரோ அந்த வீடியோவைக் காட்டித் தொலைச்சுட்டாங்க. இப்ப வர மாட்டேன்னுட்டாங்க. பெத்த அம்மாவே என்னை நம்பலை."

வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று மாமாவுக்குக் கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே.

"அந்த ஆள் நான்தான் சார்," என்றார்.

விமானி சட்டென்று எழுந்தார். ஆனால் பாதித் தலைதான் வெட்டியாகியிருந்தது, அதோடு எங்கே போவது? கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "முடிங்க," என்றார். மாமா கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வெட்டியதில் பின்கழுத்தில் கோடு கோணிவிட்டது. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டியபோது விமானி அதை நன்றாகப் பார்த்தார்.

"பத்துக்கு மூணு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே மாமா இன்னொரு வீடியோ போட்டார். விமானி சொன்ன காரணத்தை அப்படியே சொல்லி, தான் போட்டது தப்பு மார்க் என்றார். இனி மழை நாளில் மார்க்கே கிடையாது என்றார். அந்த அம்மா அதைப் பார்த்தாரா, மனசு மாறினாரா, ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு, சத்தம் கேட்டால்கூட மாமா வாசலுக்குப் போகவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் முழுசாக முடி வெட்டினார். எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது விமானி மறுபடி வந்தார். கூடவே கையில் பையோடு ஒரு வயசான அம்மா.

"யாருய்யா அந்த மார்க் போடுற ஆளு?" என்று கேட்டார் அந்த அம்மா.

மாமா நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் கையைக் காட்டிவிட்டேன், எனக்கென்ன.

"உன் ரெண்டாவது வீடியோவை நம்பி ஏறி, இப்பதான் இவன் வண்டியில வந்து இறங்குறேன். இறங்கின வேகத்துல இடுப்பே போச்சு. நீ மூணு போட்டதே அதிகம்யா."

விமானி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "அப்ப திரும்பிப் போறது ரயில்லயாம்மா?" என்று மாமா கேட்டுவைத்தார்.

"நல்லாருக்கே நீ கேக்குறது. என் பிள்ளை வண்டி ஓட்டும்போது நான் எதுக்கு ரயில்ல போகணும்?" அந்த அம்மா மகனின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"ம், வெட்டு. இந்தத் தடவை மார்க் நான் போடுறேன்."