ஆறாம் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை

பதினாறு வயது வரை எனக்கு உலகச் செய்திகள் எல்லாம் பொட்டலமாகத்தான் வந்து சேர்ந்தன. ராயபுரத்தில் எங்கள் சந்து முனை மளிகைக்கடை பாய் பழைய செய்தித்தாளைக் கிழித்துத்தான் எதையும் மடித்துக் கொடுப்பார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அம்மா மீன் விற்றாள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பிறவி நான். அந்தத் திமிரில், கடலையை எந்தத் தாளில் மடிப்பது என்பதையும் நானே முடிவு செய்வேன்.

"பாய், அது வாணாம். மந்திரி படம் போட்டு ஒண்ணு கீதே, அத்த மடிங்க."

"உனக்கு இன்னாம்மா வேணும், பொரிகடலையா, பார்லிமெண்டா?"

கடலை தீர்ந்ததும் தாளை நீவி விரித்துப் படிப்பேன். சூடு பிடிக்கும் இடத்தில் 'ஆறாம் பக்கம் பார்க்க' என்று நிற்கும். ஆறாம் பக்கம் யார் வீட்டு மிளகாயைச் சுமந்துகொண்டு போனதோ! அதற்காக நான் அசரவில்லை. மீதியை நானே முடித்துக்கொள்வேன். அப்படி என் கையால் கவிழ்ந்த மந்திரிசபைகள் கொஞ்சமல்ல.

இப்படிச் சேர்த்த ஞானத்தைக் குழாயடியில் குடத்தோடு இறக்கி வைப்பேன். என் வயசுப் பெண்கள் வாய் பிளந்து கேட்பார்கள். ஒருநாள், "அந்த மந்திரி கோவிச்சுகினு கீறாரு, ராஜினாமா பண்ணப் போறாரு" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன படிப்பகத்துச் செயலாளர் நின்றான். செயலாளர் என்றதும் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். எதிர் வீட்டுப் பையன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், மீசை வரும் என்ற நம்பிக்கையில் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருப்பான்.

"ராஜினாமா பண்ணி, சமாதானமாயி, திரும்பியும் நாற்காலில குந்திகினாருமே. நீ எந்தக் காலத்துல கீறே?"

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே பற்றிக்கொண்டது: இன்றைய பேப்பரை, இன்றைக்கே, முழுசாக நான் படித்தாக வேண்டும்.

அதற்கு இருந்த ஒரே இடம் படிப்பகம். ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு பேப்பர், ஏழெட்டுப் பையன்கள். பெண் வாடையே கிடையாது. வாசல் தட்டியில் மட்டும் "பெண்ணடிமை ஒழிக" என்று செயலாளர் தன் கையால் எழுதியிருந்தான். கையெழுத்து அழகுதான்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் போய் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தேன். பாம்பு ஏறியதைப் போலப் பாதிப் பேர் துள்ளி எழுந்தார்கள்.

"இன்னாமே, யாரைத் தேடி வந்தே?" என்றான் செயலாளர்.

"ஆறாம் பக்கத்தை."

"பொம்பளப் புள்ளைங்க வர்ற எடமா இது? எழுந்திரு."

"தட்டியில இன்னா எழுதி வெச்சுகீறே, போய்ப் படி."

"அது மேடையில பேசறதுக்கு." பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான்.

அவர்களில் ஒருவன் என் அம்மாவிடம் சொல்ல ஓடினான். 'படிச்சது போதும், கூடையைத் தூக்கு' என்று அம்மா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். என் படிப்புக்கு முழுக்குப் போட இந்த வம்பு ஒன்றே போதும். ஆனாலும் நான் எழுந்து ஓடவில்லை. வீரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்மா மீன் கூடையோடே வந்தாள்.

"கஸ்மாலம்! ஆம்பளைங்க நடுவுல குந்திகினு இன்னாடி பண்றே? நட வூட்டுக்கு!"

"மாட்டேன். படிச்சு முடிச்சுட்டுத்தான் வருவேன்."

அம்மா கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வாயைக் கொடுத்தான்: "நல்லாக் கேளு அத்தே. பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு அரசியலு?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் பக்கம் திரும்பியது.

"இன்னாடா சொன்னே? போன எலக்சனுக்கு வெயில்ல நின்னு ஓட்டு போட்டவடா நானு. உனக்கு ஓட்டு கீதா?"

"இன்னும்... வயசு ஆவல அத்தே."

"இவனுக்கு? அதோ, அந்தத் தொடப்பக்கட்டைக்கு?"

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். அது ஆகாத தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.

"அப்போ இந்தக் கொட்டாயில ஓட்டு கீறவ நான் ஒருத்திதான். தள்ளிக் குந்துடா!"

கூடையைப் பெஞ்சு நடுவில் வைத்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"படிடி."

படித்தேன். முதல் பக்கத்திலிருந்து, சத்தமாக. எல்லாவற்றையும் கேட்டு முடித்த அம்மா, "மீனப் பத்தி ஒரு வார்த்தை காணோம். இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் முதுகில் விழ வேண்டியது விழுந்தது. பள்ளிக்கூடத்தை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

மறுநாளும் போனேன். பெஞ்சைக் காணோம். நான் உட்காரக் கூடாதென்று தூக்கி ஒளித்திருந்தார்கள். நின்றுகொண்டே படித்தேன். அதற்கடுத்த நாள் குழாயடிப் பெண்கள் இருவர் என்னோடு வந்து நின்றார்கள். பெஞ்சு இல்லாததால் பையன்களும் நின்றுதான் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் கால் வலித்தது செயலாளருக்குத்தான்.