அத்தானின் காருக்கு ஒரு பின் அச்சு

என் மேசையில் கடிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளை மூடி வைத்திருக்கிறேன். பெருவிரல் பருமன், சதுரத் தலை, கீழே மரை. காரின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கிற பல்லுப்பெட்டிக்கு எண்ணெய் விடுவதற்கு ஒரு துவாரம் இருக்கும். அதைத் திருகி அடைக்கிற மூடி இது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து என்னவென்று கேட்பார்கள். பழைய சாமான் என்று சொல்லிவிடுவேன். எந்த அச்சின் மூடி என்று எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாதபோது வேறு என்னத்தைச் சொல்வது?

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செய்த தோட்டக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றுபோக, எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நிமிர்ந்தார்கள். மற்றவர்கள் கல்வீடு கட்டினார்கள். அத்தான் காரைக் கழற்றினார். அது அக்காவின் பெயரில் சீதனமாக வந்த சிறிய இங்கிலீஷ் கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அதில் வெங்காய மூட்டை ஏற்றினார். கோயிலுக்குப் போகும்போது பட்டுச்சேலையோடு மூட்டையின் மேல் உட்கார்ந்து போன ஒரே பெண் என் அக்காவாகத்தான் இருக்கும். அதே காரை வருடத்துக்கு ஒரு தடவை தெற்கே கொண்டுபோய், பழைய விமானத் தளம் ஒன்றில் நடக்கும் ஓட்டப் போட்டியில் ஓடுவார். அதற்காகவே, எங்கோ நொறுங்கிக் கிடந்த பெரிய காரொன்றின் எஞ்சினை இதற்குள் திணித்திருந்தார். எஞ்சின் பெருத்தது, பின் அச்சு பழைய நோஞ்சானாகவே இருந்தது.

ஒரு வருடம் கடைசிச் சுற்றில், முதலாவதாக வந்துகொண்டிருக்கும்போது, அச்சுத் தண்டு முறிந்தது. கழன்ற சில்லு தன்னையே முந்திக்கொண்டு ஓடியதாக அத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூன்று நாள் அவரோடு கதைக்கவுமில்லை. நாலாம் நாள் கோயில் வாசலில் வைத்து அவரிடம் சத்தியம் வாங்கினாள். "இன்னும் ஒருக்கால் ஓடுறன். அதிலை வெல்லாட்டி உந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்," என்றார் அத்தான். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. ஓட்டத்தை விட்டால் அந்த மனிதரிடம் வெங்காயத்தைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது என்று எனக்குப் பட்டது.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணம் பட்டணத்தில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். இறக்குமதித் தடையால் தட்டுகள் காலி. வருகிறவர்களுக்கெல்லாம் "இல்லை" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். ஆனால் அத்தானுக்கு நான் காரைப் பற்றி எல்லாம் தெரிந்தவள். அச்சுவேலிப் பழைய இரும்புக்காரரிடமிருந்து இரண்டு அச்சுகளை லொறியில் இறக்கி, வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு, கிணற்றடியில் படங்கின் மேல் போட்டார். ஒன்று சாமான் ஏற்றுகிற வான் வண்டி ஒன்றினது. மற்றது பெரிய கார் ஒன்றினது. இரண்டிலும் தண்டு தடிப்பு, இரண்டையும் வெட்டி ஒட்டிப் பூட்டலாம். "நீ சொல்லு பிள்ளை, எதைப் போடுவம்?" என்றார்.

காலையில் வான் அச்சு என்றேன். மூட்டைக்கும் நல்லது, புறப்படும்போது பாய்ந்து இழுக்கும். பின்னேரம் கார் அச்சு என்றேன். வான் அச்சோடு நேர் ஓட்டத்தில் எஞ்சின் கத்துமே தவிர வேகம் ஏறாது. அடுத்த நாள் மறுபடியும் வான். கணக்காகப் பார்ப்போம் என்று, சில்லு பூட்டுகிற தட்டில் சோக்குக்கட்டியால் கோடு போட்டு, அது ஒரு தரம் சுற்ற முன் எஞ்சினோடு பூட்டுகிற நடுத் தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணினோம். ஒரு தடவை இரண்டு வந்தது, அடுத்த தடவை ஒன்று, அதற்கடுத்த தடவை தண்டு அசையவே இல்லை. எனக்கு மண்டை விறைத்துவிட்டது. உடுப்புத் தோய்க்க வந்த அக்கா வாளியோடு நின்று பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் அங்காலை சுத்த, இது இஞ்சாலை எதிர்ப்பக்கமாச் சுத்துது," என்றாள். மற்றப் பக்கத்தை யாரும் பிடிக்காமல் இவ்வளவு நேரமும் சுற்றியிருக்கிறோம்! அக்கா ஈரக் கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதால் கணக்குக்கு இரண்டு சுற்றுச் சுற்றி எண்ணினோம். வானுக்கு ஏறத்தாழ ஐந்து, காருக்கு நாலுக்குச் சற்றுக் குறைவு. எண் கூடினால் இழுவை, குறைந்தால் வேகம். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் குழப்பம் கூடியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கார் அச்சு என்று சொன்னேன். அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை.

நான் வேலைக்குப் போயிருந்த நாளில் பூட்டி முடித்தார்கள். வான் அச்சும் கழற்றிய பழைய அச்சும் அன்றே அச்சுவேலிக்கு ஏறிவிட்டன. மறுநாள் விடிய நல்ல நேரம். வாசல் படலையடியில் அக்கா நிறைகுடம் வைத்தாள். "போட்டு வாறன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அத்தான் ஏறினார். எங்கள் ஊரில் பயணம் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பதில்லை, பின்னால் கூப்பிடுவதும் இல்லை. கூப்பிட்டால் போன காரியம் பாழ் என்பது எல்லார் மனதிலும் ஊறிப்போனது. கார் ஒழுங்கையில் இறங்கிய பிறகுதான் கிணற்றுக்கட்டில் இந்தப் பித்தளை மூடியைக் கண்டேன்.

மூன்று அச்சுக்கும் மூடி ஒரே மாதிரி. திருப்பி அனுப்பியதன் மூடியா, பழையதன் மூடியா, காரில் இப்போது போகிற அச்சினுடையதா? காரினுடையது என்றால் ஓட ஓட எண்ணெய் சிந்தி, பற்கள் இறுகி, நடு ஓட்டத்தில் சில்லு சுற்றாமல் பூட்டுப்பட்டுக் கார் புரளும். மூடியோடு ஓடிப்போய்ப் படலையில் நின்று கையைத் தூக்கினேன். வாயையும் திறந்தேன். நிறைகுடம் காலடியில் இருந்தது, அக்கா பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அவருடைய கடைசி ஓட்டத்தை என் வாயால் பாழாக்குவதா? வாயை மூடினேன். கார் திரும்பி மறைந்தது. அவர் வரும்வரை மூன்று நாளும் எனக்கு அதே யோசனைதான். கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு நேரம் நினைப்பேன், கூப்பிடாதது சரி என்று மறு நேரம் நினைப்பேன்.

கார் முழுசாக வந்தது, அத்தானும் முழுசாக வந்தார். ஐந்தாவது இடம். "ஏனோ மனம் விடேல்லை," என்றார், அவ்வளவுதான். அவர் குளிக்கப் போன நேரம் காருக்குக் கீழே குப்புறப் படுத்துப் பார்த்தேன். எண்ணெய்த் துவாரத்தில் மூடி இறுக்கமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா, ஆத்திரத்திலா தெரியவில்லை. அத்தான் சத்தியத்தைக் காப்பாற்றினார். பின் இருக்கையைத் திரும்பப் பூட்டினார். அக்கா மெத்தையில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனாள்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தான் மகளோடு கனடாவில். போன ஆவணியில் ஊருக்கு வந்தவர் இணுவிலில் என் வீட்டுக்கும் வந்தார். கண் பார்வை மங்கல். இந்த மேசைக்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, நேற்று நடந்ததைக் கேட்பது போலக் கேட்டார். "அண்டைக்குப் படலையிலை நிண்டு கையைத் தூக்கினனீ. பின்கண்ணாடிக்குள்ளாலை கண்டனான். வாயைத் திறந்துபோட்டு மூடினனீ. என்ன சொல்ல வந்தனீ?"

"கண்டனீங்கள் எண்டால் ஏன் நிக்கேல்லை?"

"வெளிக்கிட்டாப் பிறகு நிக்கிறதோ? அச்சிலை ஏதோ பிழையைக் கண்டுபோட்டாய் எண்டு நினைச்சன். முன்னுக்குத்தான் போனனான் பிள்ளை. கடைசி மூண்டு சுத்தும் உன்ரை கைதான் கண்ணுக்குள்ளை நிண்டது. அமத்தின காலை இளக்கிப்போட்டன்."

அவருடைய ஓட்டத்தை நிறுத்தியது நான்தான். கூப்பிடாமல் இருந்தும் கூப்பிட்டிருக்கிறேன். நான் தேர்ந்த அச்சு கடைசிவரை முழு வேகத்தில் அந்த எஞ்சினைத் தாங்கியிருக்குமா, தாங்காமல் அவரைக் கொன்றிருக்குமா என்பதும் இனித் தெரியப்போவதில்லை.

"கவனமாப் போட்டு வாங்கோ எண்டு சொல்ல வந்தனான்," என்றேன்.

"அவ்வளவுதானோ?" என்றார். பிறகு மேசையில் கை துழாவி, கடிதங்களின் மேலிருந்த மூடியை எடுத்தார். "உதென்ன?"

"பழைய சாமான் அத்தான்."

சதுரத் தலையைப் பெருவிரலால் தடவினார். மரையை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண்டுபிடித்தாரோ இல்லையோ, அதைக் கடிதங்களின் மேல் திரும்ப வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.