அத்தானின் தலையில் விழுந்த அடிகள்

அத்தான் அயர்லாந்தில், லிமரிக் நகருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தார். தன் நாட்டுக்காக ரக்பி விளையாடியவர். அவருக்கு முன்வரிசையில் இடம். முன்வரிசை என்றால் தலையால் முட்டுவது. மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துத் திரும்பவும் இறக்கினார்கள். சனம் கை தட்டியது.

பிறகு மொன்றியலுக்குப் பயிற்சியாளராக வந்தார். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அக்காவைத் தேவாலயத்தில் கண்டு மணம் முடித்தார். "வெள்ளை விட்டிட்டு ஓடிடும்" என்று சொல்லிச் சொந்தக்காரர் கலியாணத்துக்கு வரவில்லை. நாட்டுக்கு விளையாடியவர் என்று தெரிந்ததும் படம் எடுக்க வந்தார்கள்.

அத்தான் ஓடவில்லை. நினைவுதான் போனது. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தில் நின்று, அணியின் பஸ் எங்கே என்று போகிற வருகிறவர்களைக் கேட்டார். ஒருநாள் அக்காவின் கையை முறித்தார். மறுநாள் அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஆர் அடிச்சது?" என்று அழுதார்.

தெளிவாக இருந்த காலத்தில் அக்காவிடம் ஒன்று கேட்டிருந்தார். செத்த பிறகு தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். மகனும் முன்வரிசையில் விளையாடினான். இந்த அடிகள்தான் காரணமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அத்தான் இறந்த அன்றே பெரியப்பா வந்தார். "பார்வைக்கு வைக்கிற உடம்பிலை கத்தி வைக்கிறதோ, பிள்ளை? சனம் என்ன கதைக்கும்?"

"அவர் படுக்கையிலை கிடக்கேக்கை ஒரு சனமும் வரேல்லையே, பெரியப்பா" என்றாள் அக்கா.

அவரோடு வந்த மாமி விடவில்லை. "மூளையில்லாமல் மோட்சத்துக்கு எப்பிடிப் போறது?"

"நீங்கள் போற மாதிரித்தான், மாமி" என்றேன் நான்.

அக்கா கொடுத்தாள். பார்வை நாளில் பெரியப்பா பெட்டிக்குள் குனிந்து வெட்டுத் தெரிகிறதா என்று தேடினார். தெரியவில்லை. ஏமாற்றத்தோடு போய்க் கதிரையில் இருந்தார்.

முடிவு வந்தது. அடிகள்தான் காரணம். மகன் வைத்தியரிடம், "எனக்கும் இருக்குமோ?" என்று கேட்டான். உயிரோடு இருக்கும்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அன்றோடு விளையாட்டை விட்டான்.

அத்தானைப் பலமுறை நிலையத்திலிருந்து கைபிடித்துக் கூட்டிவந்த பக்கத்து வீட்டு பிரெஞ்சு அம்மாவுக்கு நன்றி. கை முறிந்த அக்காவுக்குச் சமைத்துக் கொடுத்த மன்னார்ச் சகோதரிக்கு நன்றி. செத்த பிறகு வந்த மற்ற எல்லோருக்கும், வந்த அளவுக்கு நன்றி.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து அத்தான் நினைவாக ரக்பிப் போட்டி வைத்துக் கிண்ணம் கொடுக்கப் போகிறீர்களாம். வையுங்கள். உங்கள் பிள்ளைகளை முன்வரிசையில் விடுங்கள். எங்கள் பிள்ளை வரமாட்டான்.